ரீசெட் இல்லாத மைதானம்

வினோதன்,

பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊருக்கு வேலைக்குப் போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள். காலையில் நாம் பேசிக்கொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் அக்காவின் ரிமோட் ஹெலிகாப்டரை இன்று தனியாக மைதானத்துக்குக் கொண்டுபோகாதே. "பேசாம சாமி ரூம்ல வச்சுக் கும்பிடுங்க லா அத்தான்" என்று நேற்றுக் கேலி செய்தாய். அவள் இறந்த பிறகு நான் அதை வெளியே எடுக்காதது உண்மை. ஆனால் நான் தடுப்பது அதற்காக இல்லை.

நீ கணினி விளையாட்டில் அதைப் பறக்கவிட்டுப் பழகுவதைப் பார்த்தேன். ஹெலிகாப்டர் விழப்போகிறது என்றதும் உன் விரல் ரீசெட் பொத்தானுக்குத்தான் போகிறது, மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுக்குப் போவதில்லை. திரையில் உடனே புதிதாக ஒன்று வந்து நிற்கும். மைதானத்தில் அது விழுந்த பிறகும் இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும். நீ அதை எடுக்க ஓடுவாய்.

உன் அக்கா தாட்சாயினிக்கும் இதே பழக்கம் இருந்தது. பொத்தானின் மேல் பிளாஸ்டர் ஒட்டித்தான் அதை விட்டாள். இன்று நானும் ஒட்டியிருக்கிறேன். பிய்க்காதே.

ஹரி அத்தான்

பேட்டரிகளை என் பையில் எடுத்துப்போகிறேன். தேடாதே. கோபம் வந்தால் வரட்டும்.

இன்னொன்று. பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன். பிளாஸ்டரோடு பழகி வை, சேர்ந்தே போவோம். முதலில் நீயே பறக்கவிடு. அது விழுந்து உடைந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இறக்கை நிற்கும்வரை நீ மட்டும் கிட்டே போகாதே.