மாப்பிள்ளை பூட்டுடைத்த டேப்லெட்

செவ்வாய்க்கிழமை, மாலை 5.30
நான்காம் குடில், நிலவின் தென்முனை

இன்று குடிலில் இருந்தவர்கள் நான்கு பேர். சமையல்காரி சொர்ணத்தாய், அதாவது நான். என் மகள் முத்துப்பேச்சி, பனிக்கட்டி வெட்டுகிறவள். அவள் புருஷன் ஐகோர்ட்துரை, அவளோடு வெட்டுகிறவர். வண்டியோட்டி ராயப்பன். நாளைக்கு ஏதாவது ஆனால், நான் அங்கே இல்லவே இல்லை என்று எவரும் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் பெயர்களை எழுதி வைக்கிறேன்.

காற்று முள் பச்சையில். தண்ணீர் சரி. கழிவுத்தொட்டி நாறுகிறது, சொல்லிச் சொல்லியும் ஆள் வரவில்லை. மதியம் சோறு, அவரைக்காய்ப் புளிக்குழம்பு.

டேப்லெட் விஷயம். இந்தக் குடிலின் காற்றுக்குழாய் ஷிஃப்டுக்கு ஒரு தடவை தானாக மூடிக்கொள்ளும். டேப்லெட்டில் விரல் வைத்தால்தான் மறுபடி திறக்கும். விரல் வைக்கும் முன்னால் ஒரு பொம்மை வந்து ஆடும். கையுறை போட்டீர்களா என்று கேட்கும், பல்லைக் காட்டும், அது ஆடி முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது என்று நேற்று சொன்னேன். குமட்டுகிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை மதியமே பனி வெட்டும் குழியிலிருந்து வந்துவிட்டார். டேப்லெட்டை ரூட் செய்யப் போகிறாராம். கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, அதை நம் சொல்படி ஆட வைப்பதற்கு அப்படிப் பெயர். பூட்டு உடைந்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலிலேயே பேக்கப் எடுத்து வைத்துவிட்டேன் என்றார்.

ராயப்பன் வேண்டாம் என்றான். முத்துப்பேச்சி அவனை முறைத்தாள். மாப்பிள்ளையை மாமியார் எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தலைதீபாவளிக்கு வந்தவர் எங்கள் மிக்சியைப் பழுது பார்த்தார். ஊதாச் சட்டை போட்டிருந்தார். மிக்சி புகைந்தது, அடுத்த வீட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் போனது. அப்போதும் மாப்பிள்ளைக்கு இன்னொரு அதிரசம் வை என்றுதான் சொன்னேன்.

செவ்வாய், இரவுச் சாப்பாட்டுக்கு முன்

முடிந்தது. பொம்மை போய்விட்டது. மாலையில் இதில் எழுதியதும் அழிந்துபோனது, மறுபடி எழுதி வைத்தேன். எழுத்தெல்லாம் பெரிய தமிழ் எழுத்து. முகப்பில் உவரிக் கடற்கரை, ஓரத்தில் ஊதுபத்தி, அதிலிருந்து புகை வருகிற மாதிரி படம் ஓடுகிறது. நிலவில் உட்கார்ந்து படத்து ஊதுபத்தியைப் பார்க்க எனக்கு விதி.

'நீங்கள் இப்போது முழு அதிகாரம் பெற்றவர்' என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கிறது. விளக்கைக் கூட்ட, அனுமதிக்கலாமா. கடிகாரத்தைக் காட்ட, அனுமதிக்கலாமா. மாப்பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார். என் மகளுக்குப் பூரிப்பு.

இந்த ஷிஃப்டுக்குக் குழாய் ஏற்கெனவே திறந்திருந்தது. அதனால் அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

புதன், காலை 7.00

மூவரும் தூரக் குழிக்குக் கிளம்பினார்கள். சமையல்காரிக்கு வெளியுடை கிடையாது. வண்டி வந்து வாசலோடு ஒட்டி நின்றால்தான் எனக்கு வெளியே போக்கு. காற்று முள் பச்சையில். அரிசி ஊற வைத்திருக்கிறேன்.

புதன், காலை 9.40

குழாய் வழக்கம்போல மூடியது. விரல் வைத்தேன். 'இந்தக் கருவி மாற்றப்பட்டுள்ளது. பாதுகாப்புக் கருதிக் காற்றுச் செயலி இயங்காது' என்று வந்தது. முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே வரி. யாருடைய பாதுகாப்பு என்று அதில் எழுதவில்லை.

சுவரில் உள்ள பேச்சுப்பெட்டியில் வண்டியைக் கூப்பிட்டேன். நடந்த பேச்சு இது.

மாப்பிள்ளை: "அத்த, பதறாதீங்க. சின்ன விசயம். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேத்து அமுக்குங்க. கறுப்பா ஒரு பக்கம் வரும்."

வந்தது.

மாப்பிள்ளை: "அதுல பேக்கப்னு இருக்கும். தொடுங்க."

தொட்டேன். ஒன்றுமே இல்லை. ஊதுபத்திக்கே திரும்பிவிட்டது.

மாப்பிள்ளை: "காலியாவா இருக்கு? நான் டேப்லெட்லதான வச்சேன்."

ராயப்பன்: "பூட்ட ஒடச்சா உள்ள இருக்கதெல்லாம் அழியும்னு நீருதானவே சொன்னீரு. அழியப்போற எடத்துலயே கொண்டு வச்சீராக்கும்?"

மாப்பிள்ளை: "வேற எங்க வைக்க? ஒம்ம மடியிலயா?"

ராயப்பன்: "வச்சிருந்தா பத்திரமா இருந்திருக்கும்."

புதன், காலை 10.30

காற்று முள் மஞ்சள்.

குழாயைக் கையால் திருப்ப ஒரு சக்கரம் உண்டு. அதைக் குடிலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். உள்ளே வைத்தால் நாங்கள் கூடுதலாகத் திறந்து மூச்சு விட்டுவிடுவோமாம். வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் முள் சிவப்பைத் தாண்டிவிடும் என்று ராயப்பனே சொன்னான். தலைமை நிலையத்துக்குத் தெரிந்தால் போதும், அங்கிருந்தே ஒரு நொடியில் குழாயைத் திறந்துவிடுவார்கள். என் குரல் நிலையத்துக்குப் போக டேப்லெட் வேண்டும், இப்போது அதில் அந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது. சுவர்ப்பெட்டி வண்டியோடு மட்டும்தான் பேசும். வண்டியிலுள்ள ரேடியோ நிலையத்தோடு பேசும், அது முத்துப்பேச்சியின் பொறுப்பு. ஆக, அவள் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது.

முத்துப்பேச்சி: "யம்மா, சொன்னா டேப்லெட்ட ஏன் நோண்டுனீகன்னு கேப்பாக. அவுகள அடுத்த கப்பல்ல கீழ அனுப்பிருவாக. ஊர்ல இருக்க ஒம் பேத்திய நெனச்சுப் பாரு. நாங்கதான் வந்துக்கிட்டே இருக்கோம்லா."

நான்: "ஏளா, முள்ளு மஞ்சளுக்கு வந்துட்டு. அவரு வேலைய நாளைக்குப் பேசுவோம். மொதல்ல காத்தத் தொறக்கச் சொல்லு."

முத்துப்பேச்சி: "சரி, சொல்லுதேன்."

சொல்லுவாள். சின்ன வயதிலிருந்தே, செய்யச் சொன்னதை இழுத்தடித்தாவது செய்துவிடுவாள்.

புதன், காலை 11.50

வண்டி வழியில் ஒரு மேட்டில் நின்றிருக்கிறது. நேற்று வெட்டிப் போட்ட பனித்தொட்டி அங்கே கிடக்கிறதாம். ராயப்பனும் ஐகோர்ட்துரையும் சக்கரத்தைப் பார்க்க இறங்கியிருந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் உள்ளே. வண்டிக்கு வருகிற பேச்சு எல்லாம் என் பெட்டியிலும் கேட்கும். அவள் அதை மறந்துவிட்டாள் போல. காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

நிலையம்: "நாலாம் குடில் வண்டி, உங்க டேப்லெட் காலையிலேர்ந்து பதில் தரலையே. குடில்ல யார் இருக்காங்க?"

முத்துப்பேச்சி: "சமையல்காரம்மாதான். நல்லா இருக்காக. இப்பந்தான் பேசுனேன். டேப்லெட் சார்ஜ்ல கெடக்கு."

நிலையம்: "காத்து திறந்தாச்சா?"

முத்துப்பேச்சி: "தொறந்தாச்சு."

நிலையம்: "சரி, அப்படியே பதிஞ்சுடறேன்."

நான் கத்தினேன். நிலையத்துக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்டது.

முத்துப்பேச்சி: "யம்மா, கத்தாத. காத்து வீணாப் போவும். தூங்குற மாதிரி படுத்துக்கோ, கம்மியாச் செலவாவும். வந்துருவோம்."

பிறகு வண்டிக் கதவுச் சத்தம்.

ராயப்பன்: "ஸ்டேஷன்ல சொல்லியாச்சா?"

முத்துப்பேச்சி: "ஆமா, தொறந்துட்டாக."

ராயப்பன்: "அப்பாடி. அப்பம் தொட்டியையும் கட்டி இழுத்துட்டே போயிருவோம்."

நான் ராயப்பா என்றேன். அதற்குள் வண்டியிலுள்ள பெட்டியை அணைத்துவிட்டாள்.

தொட்டியைக் கட்டினால் வண்டி ஊரும். அது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று ராயப்பன் கேட்பான். அதனால் சொல்லவில்லை.

சமையல்காரம்மாவாம்.

புதன், மதியம்

முள் சிவப்பில். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நெற்றிப்பொட்டு இடிக்கிறது. பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், உயிரில்லை.

டேப்லெட் எழுதுவதற்கு மட்டும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. ஒளியைக் குறைக்க, அனுமதிக்கலாமா என்கிறது. முழு அதிகாரம் பெற்றவர் நான். காறித் துப்பத் தோன்றுகிறது, வாய் காய்ந்து கிடக்கிறது.

அவள் அவனைக் காப்பாற்றுகிறாளாம். அவன் கேட்டானா? கேட்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டிருப்பான். நிலையத்திடம் சொல்லிவிட்டேன் என்று அவனிடமும் பொய்தான் சொல்லியிருப்பாள். ஊருக்குப் போனால் மாமனார் வீட்டில் என்ன சொல்வார்கள், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள், அதுதான் அவளுக்கு. மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று அவனை நடு வீட்டில் உட்கார வைத்து, அவளுக்கு நாங்கள் பழக்கியது.

படுக்க மாட்டேன். அவள் சொன்னபடி படுக்கவே மாட்டேன்.

புதன்

இதை எடுக்கிறவருக்கு. விரல் சரியாக விழவில்லை.

ஐகோர்ட்துரை மடையன். மடையனை என்ன செய்ய. விட்டுவிட்டேன். ராயப்பன்மேல் தப்பில்லை, அவனை யாரும் போட்டு உலுக்க வேண்டாம். சக்கரத்தை வெளியே வைத்தவன் பேர் தெரியாது, தெரிந்தால் எழுதியிருப்பேன்.

சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. வண்டியா காதா தெரியவில்லை.

கதவு திறந்ததும் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் ஓடி வருவாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு யம்மா என்பாள். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். நம்பாதீர்கள். அவளை எழுப்பிவிடாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்

நான் மன்னிக்கவில்லை இந்த ஒருத்தியை மட்டும் அவள் பேர்

முத்துப்பேச்சி