அன்றைக்குக் கரண்ட் இருந்தது

இன்று காலை பிளாட்டில் கரண்ட் போனது. பசியாறிவிட்டு கோப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். காத்தாடி நின்றது, ஐஸ்பெட்டி நின்றது, மேல் வீட்டு டீவிகூட நின்றது. கையில் சோப்பு நுரையோடு உங்க ரூமுக்கு ஓடினேன். அலமாரி மேலே இருந்த சாவியை எடுத்தேன். சிலிண்டர் நிற்கும் மூலைக்குப் போன பிறகுதான் அங்கே சிலிண்டர் இல்லை என்பதைப் பார்த்தேன். அது நின்ற இடத்தில் தரையில் ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. எதுவும் கத்தவில்லை.

உங்க ஆக்சிஜன் மெஷின் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கரண்ட் போனால் முதலில் அதுதானே கத்தும். மற்ற நேரமெல்லாம் நல்ல பிள்ளை. தண்ணீர் பாட்டிலில் குமிழ் போட்டுக்கொண்டு, அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி ஒரே சத்தம். கரண்ட் நின்றதோ, பிள்ளை அடம்பிடிக்கிற மாதிரி நிறுத்தாமல் கத்தும். நான் எங்கே இருந்தாலும் ஓடி வந்து, சாவியால் சிலிண்டரைத் திருகித் திறந்து, உங்க மூக்குக் குழாயை அதில் மாட்ட வேண்டும். நீங்க கட்டிலில் சாய்ந்தபடியே மெஷினைப் பார்த்துச் சொல்வீங்க, "கத்தாதடா, அவ வந்துட்டா."

இன்று அதைச் சொல்ல ஆள் இல்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. நீங்க போனதிலிருந்தே வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உங்க தங்கச்சி யாரிடமோ "அண்ணி கல்லு மாதிரி இருக்காங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கறி போதுமா என்று பார்க்கத்தான் எழுந்து போனேன்.

மெஷினையும் சிலிண்டரையும் நம் மகன் குமரன் பூச்சோங்கில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அங்கேயும் ஒரு பெரியவர் மூச்சுக்குத் தவிக்கிறாராம். சாவியைக் கொடுக்க மறந்துவிட்டோம். அவர்கள் வேறு ஒன்று வாங்கிக்கொண்டார்களாம். "பரவால்ல, நீங்களே வச்சிக்கங்க ஆன்டி" என்றார்கள் போனில்.

குமரன் கட்டிக்கொண்டிருந்த கிள்ளான் வீடு முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியது அதுதான். கேட்டுக்குச் சாயம் மட்டும் பாக்கி. முடிந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. உங்களுக்கு வருஷம் திரும்பாமல் பால் காய்ச்சக் கூடாது, குடி போகக் கூடாது. குமரன் அதுவரைக்கும் பொறுத்திருக்கிறான். ஆனால் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தான். "அம்மா, நீங்க எங்ககூட வர்றீங்கதானே?" நான் அவனுக்குச் சோறு போட எழுந்து போய்விடுவேன். பிரிக்பீல்ட்ஸில் இந்த பிளாட்டில் உங்களோடு இருந்தாயிற்று. நீங்க இல்லாமல் இருப்பதையும் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நகரத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டின் மேல் ஆசை உங்களுக்குத்தான். ரயில்வே குவார்ட்டர்ஸை இடித்த பிறகு நாம் பிளாட்டுக்கு வந்த புதிதில், மேல் வீட்டுக்காரன் நாற்காலி இழுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நம்ம கூரைன்னு பார்த்தா, அது அவன் தரைலா." அன்றிலிருந்து மழை பெய்தாலும் நமக்குச் சத்தம் கேட்காது, அவன் நாற்காலிதான் கேட்கும். கிள்ளானில் கூரை ஓடு ஏற்றிய அன்று குமரன் ஓட்டி வந்த காடியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தீங்க. "இனிமே மழை நேரா நம்ம மேலதான் விழும்" என்றீங்க. ஏதோ பரிசு கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு.

சோலார் போடலாம் என்று முதலில் சொன்னது நம் பேத்தி திவ்யா. தாத்தா மெஷின் பகலும் இரவும் ஓடுது, கிள்ளானில் மழை இடி என்றால் கரண்ட் போகுது, மேலே பேனல் போட்டு கீழே பேட்டரி வைத்தால் மெஷின் நிற்கவே நிற்காது என்றாள். நமக்கு விளங்குகிற மாதிரி தட்டில் முறுக்கை அடுக்கிக் காட்டினாள். முறுக்கு பேனல், உங்க மாத்திரை டப்பா பேட்டரி. விளக்கி முடிப்பதற்குள் நீங்க இரண்டு பேனலைத் தின்றுவிட்டீங்க.

சோலார் கம்பெனியிலிருந்து வந்த தம்பியை நீங்களும் பார்த்தீங்க. அவர் காடி பக்கத்தில் குனிந்து, "அங்கிள், உங்க மெஷின் எவ்வளவு நேரம் ஓடும்? அதுக்குத் தகுந்த மாதிரிதான் பேட்டரி போடணும்" என்றார். நீங்க, "நான் ஓடுற வரைக்கும் ஓடும் தம்பி" என்றீங்க. அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. குமரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கதான் முதலில் சிரித்து, இருமி, குழாயைச் சரிசெய்துகொண்டீங்க. கூரையில் தண்ணி டேங்க் நிழல் பேனல் மேல் விழாதா என்று திவ்யா அவரை மடக்கியபோது என் கையை இடித்தீங்க. "பார்த்தியா, நம்ம எஞ்சினியர்." அவள் படிப்பது வேறு என்னவோ. இருந்தாலும் நானும் தலையாட்டினேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டால் எனக்குத் தலை தானாக நிமிரும்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான்.

நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். உங்க ரூமிலிருந்து குமிழ்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் வந்தால் எனக்கு எல்லாம் சரி. கீரையைக் கழுவி வைத்துவிட்டு உங்களுக்குத் தேத்தண்ணி கலக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்க தூங்குகிற மாதிரி இருந்தீங்க. நீங்க ஓடுகிற வரைக்கும் ஓடும் என்று சொன்ன மெஷின், நீங்க நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கத்தவில்லை. கரண்ட் இருந்ததே, ஏன் கத்தும்?

குமரனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் நான் செய்தது, சுவிட்சை அணைத்தது. வாழ்நாள் முழுக்க உங்களிடம் பாட்டு வாங்கிய பழக்கம். காத்தாடியை அணைக்காமல் நான் ரூமைவிட்டு வெளியே வந்தால், எங்கே இருந்தாலும் குரல் கொடுப்பீங்க, "ஆளில்லாத ரூம்ல அது யாருக்கு வீசுது?" அன்றும் அப்படித்தான் அணைத்தேன் போலிருக்கிறது. தே ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. சாயங்காலம் யாரோ ஊற்றிக் கழுவினார்கள்.

வீட்டுக்குக் குடி போகத்தான் கூடாது, பேனல் மாட்டலாமே என்று இந்த மாதம் குமரன் ஆரம்பித்தான். எப்படியோ உங்க தங்கச்சி காதுக்குப் போய்விட்டது. அவள் கூப்பிட்டாள், அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள கூரை மேல கண்ணாடி மாட்டுறீங்களா?"

"கண்ணாடி இல்ல அத்தே, பேனல்."

"என்ன இழவோ. வெயில்ல மின்னுதா இல்லையா? ஊரே பார்க்கும்லா."

"கரண்டு என்ன கல்யாணமா அத்தே, நாள் பார்த்துப் போட?"

"எல்லாம் படிச்ச திமிரு."

குமரன் கொஞ்சம் பொறுத்து, "அத்தே, அது அப்பாவுக்காகப் போட்ட பிளான்" என்றான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், "சரி, போட்டுக்கங்க. எனக்கு என்ன" என்று வைத்துவிட்டாள். அழுதிருப்பாள். உங்க வீட்டில் எல்லாருக்கும் கண்ணீர் சீக்கிரம் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். சோலார் தம்பி முன்னமே வந்து வாசல் கேட் முன்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, காடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள் வரலையா? அவர் ரூமுக்குப் பக்கத்துலேயே பேட்டரி வர்ற மாதிரி மாத்தியிருக்கேன். காட்டலாம்னு பார்த்தேன்."

அவருக்கு யாரும் சொல்லவில்லை. குமரன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திவ்யா போனைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், "அவர் தவறிட்டார் தம்பி." அந்தப் பிள்ளை பாவம், "ஐயோ ஆன்டி, சாரி ஆன்டி" என்று தொப்பியைக் கழற்றினார். நான் அவரை உள்ளே வரச் சொன்னேன். வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பார்.

உங்க ரூம் நன்றாக வந்திருக்கிறது. கட்டில் வரும் இடத்துக்குப் பக்கத்தில், தாழ்வாக, மெஷினுக்கென்று ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அந்தப் பிளக்கைச் சுற்றித்தான் நின்றோம். தம்பி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். மெஷின் இல்லையென்றால் பேட்டரி தேவைப்படாது, பேனலையும் குறைத்துக்கொள்ளலாம் என்றார். கிள்ளானில் மத்தியானத்துக்கு மேல் மழை கட்டிவிடும், காலை வெயிலைத்தான் நம்ப முடியும், அந்த வெயில் நேரத்தில் வீட்டில் ஆள் இருந்து கரண்டைப் பயன்படுத்தினால்தான் போட்டதற்குப் பிரயோசனம் என்றார்.

"பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க?"

குமரன் வேலைக்கு, மருமகள் வேலைக்கு, திவ்யா காலேஜுக்கு. குமரனும் திவ்யாவும் என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

குமரன் முந்திக்கொண்டான். "பேட்டரிய எடுக்க வேணாம். பழைய பிளான்படியே போடுங்க."

"தேவையில்லாம எதுக்கு அண்ணே..."

"போடுங்கன்னா போடுங்கலா. கரண்ட் போகாத வீடுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

குரல் ஏறிவிட்டது. தம்பி தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை இத்தனை நாளும் கரண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். வீடு முன்னாலேயே முடிந்திருந்தால், பேட்டரி முன்னாலேயே வந்திருந்தால் என்று உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நாம் பெற்றது. முகம் உங்க முகம்.

"குமரா, அன்னிக்குக் கரண்ட் இருந்துச்சுய்யா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் அணைச்சேன். கரண்ட் போயி அப்பா போகல."

அவன் சுவரில் சாய்ந்து, அந்தப் பிளக் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். புதுச் சுண்ணாம்பு சட்டையெல்லாம் ஒட்டியது. திவ்யா போய் அப்பன் தோளில் கை வைத்தாள். அவன் அழுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்து அழுகிறான் என்று மட்டும் நினைத்தேன்.

தம்பிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவரிடம் சொன்னேன், "நான் இருப்பேன் தம்பி. பகல்ல."

"பாட்டி, நெசமாவா?" என்றாள் திவ்யா.

"பின்ன? கிரைண்டர் பகல்லதான் ஓட்டுவேன். சோறு, துணி, காத்தாடி. எழுதிக்கங்க."

"பேட்டரி, ஆன்டி?"

"வேணாம்."

அவர் கடமைக்கு ஒன்று சொன்னார். பேட்டரி இல்லையென்றால், வெளிக் கரண்ட் போகும்போது பேனலும் தானாக நின்றுவிடுமாம். லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். "மேல வெயில் அடிச்சிக்கிட்டே இருக்கும், வீட்டுக்குள்ள ஒண்ணும் ஓடாது. பரவால்லையா?"

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றேன். பிளக்கைப் பிடுங்கவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். கிரைண்டரை அடுப்படியில் வைத்துக் கால் வலிக்க நிற்கிறதைவிட, அந்த ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு மாவு ஆட்டலாம்.

இதெல்லாம் போன ஞாயிறு. இன்று காலை நான் உங்க ரூமில் சாவியோடு நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. ஐஸ்பெட்டி உறுமியது. மேல் வீட்டு டீவி பேச ஆரம்பித்தது, நாற்காலியும் இழுபட்டது. என் தலைக்கு மேலே காத்தாடி சுற்றியது. நேற்றுக் கூட்டிப் பெருக்கிவிட்டு அணைக்காமல் போயிருக்கிறேன். ராவெல்லாம் சும்மா சுற்றியிருக்கிறது.

சுவிட்சு வரைக்கும் கை போனது. நீங்க கேட்பீங்க என்று கொஞ்சம் நின்றேன். அப்புறம் அணைக்காமல், கட்டிலில் உங்க பக்கமாக உட்கார்ந்தேன். சோப்பு நுரை காய்ந்து கைத்தோல் இழுத்தது. உள்ளங்கையில் சாவி சூடேறிக் கிடந்தது. கிள்ளான் வீட்டுச் சாவிகளோடு இதையும் கோத்து வைத்துக்கொள்ளப் போகிறேன். அங்கே இது எதையும் திறக்காது. கரண்ட் போகும்போது என் கை எதையாவது தேடும், அதற்கு இருக்கட்டும்.

காத்தாடி எனக்குத்தான் வீசுதுங்க. உட்கார்ந்திருக்கேன்.