எட்டுப் பேரில் மூன்று கள்ளர்

3.6.1961
இன்று அண்ணை வீரகத்தி வந்தார். கதிரையில் இருக்கவில்லை. கோபம் என்றால் நின்றுகொண்டுதான் கதைப்பார். சந்திப் பொலிசில் இருக்கும் நடராசாவுக்கு என் மகள் சிவனேஸ்வரியைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது.

"பொலிசுக்குப் பொம்பிளை குடுக்கிறதோ? ஊரில இருக்கிறதைவிட அங்கதான் கள்ளர் கூட, தங்கச்சி!"

மகளின் தகப்பன் செத்துப்போன பிறகு அண்ணை ஓம் என்றால்தான் இந்த வீட்டில் எதுவும் நடக்கும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப எண்ணிப் பாப்பம் அண்ணை. அங்க கூடினா விடுவம், குறைஞ்சா குடுப்பம்" என்றேன். குசினிக்குள் மகள் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

4.6.1961
எண்ணினோம். ஒரு வருசக் கணக்கு, மகளின் கொப்பியில். பொலிசில் எட்டுப் பேர். பிடித்த கசிப்புச் சாராயத்தை விற்று அகப்பட்டவன் ஒருவன். வண்டிக்காரனுக்கு அடித்து வழக்கில் நிற்பவன் ஒருவன். கோழி களவெடுத்தவன் — பொலிஸ்காரன், கோழி! — ஒருவன். மூன்று. எங்கள் குடியேற்றத்தில் வளர்ந்த ஆட்கள் இருநூற்று நாற்பது. வழக்கில் அகப்பட்டவர்கள் ஒன்பது.

"மூண்டு சின்னன், ஒன்பது பெரிசு. நாங்கள்தான் கள்ளர்!" என்று கைதட்டினேன். நான் மூன்றாம் வகுப்பு. படித்தவள் மகள்.

"அப்பிடி இல்லை அம்மா. பொலிசும் இருநூற்றி நாப்பது பேர் எண்டா, தொண்ணூறு கள்ளர்."

தன் கலியாணத்தைத் தானே கணக்குப் போட்டு முறித்தாள். அண்ணை போய்க் கதிரையில் இருந்தார்.

5.6.1961
பிள்ளை சாப்பிடவில்லை. எல்லாம் என் வாய்.

7.6.1961
ஒரு யோசனை. அந்த ஒன்பதும் பிடிபட்டவர்கள். பிடிபடாதவர்களை ஆர் எண்ணினது? பின்வேலிச் சின்னராசா பெர்மிற் இல்லாமல் மான் சுடுகிறான். தேக்கிலையில் சுற்றி வீட்டுக்கு வீடு பங்கு வருகிறது. சமைக்கிற நானும் கள்ளிதானே? அண்ணையிடம் கேட்டேன்.

"பங்கு இறைச்சி எப்பிடியடி களவாகும்?" உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. பிறகு சிரித்தார். "சரி, களவெண்டே வை. அடுத்த பங்கில ஒண்டை உன்ர நடராசாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன். வாங்குவான். பொலிசில நாலெண்டு எழுது."

11.6.1961
மான் விழுந்தது. காலையில் அண்ணை பங்கோடு சைக்கிளில் போனார். மத்தியானமும் வரவில்லை. மூன்று மணிக்கு நடந்து வந்தார். சைக்கிள் வழக்குப் பொருளாம்!

நடராசா இலையை விரித்துப் பார்த்தானாம். "பெர்மிற் இருக்கோ ஐயா?"

"பங்குக்கு என்ன பெர்மிற், தம்பி?"

"அப்ப உங்கட பேரைச் சொல்லுங்கோ."

"உனக்குத் தெரியாதோ? பொம்பிளையின்ர மாமன்!"

"தெரியும் ஐயா. எழுதவேணும், சொல்லுங்கோ."

மானைச் சுட்டது ஆர் என்று மட்டும் அண்ணை சொல்லவே இல்லையாம்.

அட விசரா, உன் கலியாணத்தை நீயே எழுதிக் கெடுத்துவிட்டாயே! மகளும் இதைத்தானே செய்தாள்? நல்ல சோடி. சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

30.6.1961
முல்லைத்தீவுக் கோட்டில் அண்ணை குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். பஸ்ஸில் திரும்பினோம். முள்ளியவளை தாண்டியதும், "என்னையே எழுதிப்போட்டான், தங்கச்சி" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். நான்!

"பொம்பிளை கிடைக்காதெண்டு தெரிஞ்சும் எழுதினவன். வேற ஆள் எண்டா வாங்கித் திண்டிருப்பான்." பிறகு வெளியே பார்த்தபடி, "ஆவணியில நல்ல நாள் இருக்கோ எண்டு பார்."

31.8.1961
நாலாஞ்சடங்கு, கலியாணம் முடிந்த நாலாம் நாள். கலியாண மரக்கறிச் சாப்பாடெல்லாம் முடிந்து இன்றுதான் இறைச்சி. மருமகன் இலையில் கை வைக்கவில்லை. கறியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அண்ணை மடியிலிருந்து ஒரு கடுதாசித் துண்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆடு விற்றவனின் பற்றுச்சீட்டு. கையெழுத்தோடு!

அதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் மருமகன் சோற்றைப் பிசைந்தார்.

மகள் அந்தக் கொப்பியைத் திருத்தி வைத்திருக்கிறாள். பொலிசில் மூன்றுதான். ஊரில் பத்து. அந்தப் பத்தாமவர்தான் இன்று மூன்று முறை கறி கேட்டவர்.