படித்து முடித்த புத்தகங்கள்

மொந்தெவிதேயோ,
ஜூன் 9

அன்பு மகள் மாரிசெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாட்ரிட் வெயிலில் நீயும் குழந்தைகளும் வாடிப்போகாமல் இருக்கிறீர்களா? இங்கே குளிர் எலும்பு வரை இறங்குகிறது. எனக்கு முட்டிவலிதான், அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரியாததா? மாத்தே டீ குடிக்க வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார், ரொட்டி விலைக்கு நாலு பழைய புத்தகம் அள்ளி வருவார். ஓய்வு பெற்றதும் படிப்பேன் என்று சேர்த்த குவியல் உன் கட்டில் மேலேயே ஏறிவிட்டது. மகள் வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டால், அதற்குள் எல்லாவற்றையும் படித்துவிடுவாராம்.

மார்ச்சில் நான் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. அவர் படித்து முடித்தவற்றில் ஒரு பெட்டி எடுத்து, அவர் தன் பெயர் எழுதிய முதல் தாள்களைக் கிழித்துவிட்டு, சந்தைக் கடைக்காரர் அனிபாலிடம் கொடுத்துவிட்டேன். படிக்காததைத் தொடவே இல்லை.

அடுத்த ஞாயிறே அதில் இரண்டைத் திரும்ப வாங்கி வந்தார். குத்திக்காட்டத்தான் வாங்கியிருக்கிறார் என்று பயந்து நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவரோ ஒரு வார்த்தை கேட்காமல் படிக்காத குவியலில் கொண்டுபோய் வைத்தார். இதுவரை ஒன்பது புத்தகம் அப்படித் திரும்பி வந்துவிட்டது.

நேற்று அதில் ஒன்றைப் பிரித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினார். “நெலிதா, இங்க பாரேன். எவனோ ஒருத்தன் எனக்கு முன்னாடி படிச்சிருக்கான். நான் என்ன நினைக்கிறேனோ அதையே எழுதி வச்சிருக்கான். இந்த ஆளு கிடைச்சா உக்காந்து பேசிக்கிட்டே இருக்கலாம்.” முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அது அவர் எழுத்து, மாரிசெல். உன் பள்ளிக்கூட மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்ட அதே சாய்ந்த எழுத்து.

நல்ல ஆள்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கண்ணைக் காட்ட என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தாய். அவ்வளவு நாள் வேண்டாம் மகளே. உன்னை அவர் இன்னும் பெயர் சொல்லித்தான் விசாரிக்கிறார்.

நீ நல்லபடி வந்து சேர மாதாவை வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா நெலிதா