முனிலட்சுமியின் ‘பர்ஹாப்ஸ்’

2-6-1954, புதன்

ஆஸ்பத்திரியில் எனக்கு ஐந்து வருஷ சர்வீஸ். சூளகிரியிலிருந்து வந்த நர்ஸ் முனிலட்சுமிக்கு எட்டு மாதம். ஆனால் சீமை டாக்டரம்மா ரவுண்டில் அவளிடம்தான் பேசுகிறார். பிழையில்லாமல் இங்கிலீஷ் பேசுகிறவள் நான். அவளோ வாயைத் திறந்தால் ‘ஐ திங்க்’, ‘பர்ஹாப்ஸ்’. நினைக்கிறேன், இருக்கலாம் — இதெல்லாம் ஒரு பதிலா?

5-6-1954

மூன்றாம் கட்டிலுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. “திஸ் மெடிசின் இஸ் ராங், மேடம்” என்றேன். டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது. உடனே முனிலட்சுமி, “ஐ திங்க், மேடம், பர்ஹாப்ஸ் இட் இஸ் டூ ஸ்ட்ராங்” என்றாள். மாற்றி எழுதிவிட்டு அவளுக்கு ஒரு ‘தேங்க்யூ’ வேறு! முதலில் சொன்னது யார்? வயிறு எரிகிறது.

7-6-1954

பெங்களூரில் ஒரு வருஷப் பயிற்சியாம். ஒருத்திக்குத்தான் இடம். எனக்கு வேண்டும்.

11-6-1954

இந்த ‘பர்ஹாப்ஸ்’ எல்லாம் எங்கே கற்றாய் என்று அவளையே கேட்டுவிட்டேன். “பெரியவங்ககிட்ட சட்டுனு சொன்னா அடிச்ச மாதிரி இருக்காதாக்கா? அதான் மெத்துனு சொல்றது” என்றாள். மெத்தென்றாம்! படுக்கை விரிக்கும்போதெல்லாம் நானும் சொல்லிப் பழகுகிறேன். “என்னம்மா, மந்திரமா?” என்கிறாள் ஆயா வெங்கடம்மா.

16-6-1954

டாக்டரம்மா இன்று என்னைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தார்.

18-6-1954, வெள்ளி

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். பெங்களூர் போக விருப்பமா என்று கேட்டார். ஆலாய்ப் பறக்கிறேன் என்று காட்டிக்கொள்ளலாமா? மரியாதையாக, மெத்தென்று, “ஐ திங்க், மேடம்... பர்ஹாப்ஸ்” என்றேன்.

மனமில்லாமல் போக வேண்டாம் என்று பயிற்சித் தாளை மடித்து வைத்துவிட்டார். ‘தேங்க்யூ’ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாவி, ஒரு ‘யெஸ்’ சொல்ல வரலையா உனக்கு?

19-6-1954

எனக்குப் போக ஆசைதான் என்று சொல்லிவிடலாம் என்று காலையில் ஓடினேன். அதற்குள் முனிலட்சுமி உள்ளே இருந்தாள். அதே கேள்வி கதவு வழியாகக் கேட்டது.

“யெஸ், மேடம்.”

அவ்வளவுதான். ஐ திங்க் இல்லை, பர்ஹாப்ஸ் இல்லை.

5-7-1954, திங்கள்

பெங்களூர் பஸ் ஏறும்போது முனிலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வருசம் நீங்க வரணும்க்கா” என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ரவுண்டில் டாக்டரம்மா, அவள் இல்லாமல் உனக்கு வெறிச்சென்று இருக்குமே என்றார். “நோ, மேடம்” என்றேன். இரண்டு கட்டில் தள்ளிப் போனபின், “பர்ஹாப்ஸ்” என்றேன். இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.