நர்சம்மா சும்மா ஓடறாங்க

10-11-2002

மழை விட்டது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அப்பாசாமி டீக்கடையில் பஜ்ஜி வாங்கினேன். சுற்றிக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி. ஏதோ வெளிநாட்டில் ஒருத்தி ராத்திரி முழுக்கக் காட்டுப் பாதையில் தனியாக ஓடியிருக்கிறாள். பின்னால் யாரும் துரத்தவில்லை. முன்னால் யாரும் சாகக் கிடக்கவில்லை. சும்மா ஓடியிருக்கிறாள்!

முடித்தாளா, பாதியில் விழுந்தாளா? தெரியாது. அந்த இடத்தில் பேப்பர் கிழிந்துவிட்டது. பஜ்ஜி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

11-11-2002

தூக்கம் இல்லை. முப்பத்தெட்டு வயதில் இது எனக்கு எதற்கு?

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூவாயிரம் மீட்டரில் ஜில்லாவில் இரண்டாவதாக வந்தவள் நான். பிறகு நர்ஸ் படிப்பு, கல்யாணம், கொல்லிமலை வேலை. பதினோரு வருஷமாக இந்த மலையில் நான் போகாத ஒற்றையடிப் பாதை கிடையாது. காய்ச்சலுக்குப் போயிருக்கிறேன், பிரசவத்துக்குப் போயிருக்கிறேன், சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவைகூட எனக்காகப் போனதில்லை.

செம்மேட்டில் கிளம்பி, நாடு என்று இங்கே சொல்கிற ஊர்க்கூட்டங்கள் எட்டையும் சுற்றி விடியும்போது செம்மேட்டுக்கே வந்துவிட்டால்? எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நினைத்தாலே உள்ளங்கால் அரிக்கிறது.

17-11-2002

லீவுக்குக் கீழே காரவள்ளிக்கு, எங்கள் ஊட்டுக்குப் போனேன். ஊட்டுக்காரர் பூபதி மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நன்றாகச் சிரித்தார். மலையில நடக்கறது பத்தலையா அம்மிணி என்றார். எனக்குக் கோபம்.

விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டார். "வெளிச்சத்துக்கு என்ன பண்ணுவே?"

மனுஷன் வழிக்கு வந்துவிட்டார்.

1-12-2002

முதல் பயிற்சி. பெரிய தோல்வி. இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

சாயங்காலம் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் காப்பிக் காட்டிலிருந்து ஒருவர், "யாருக்குங்க நர்சம்மா?" என்றார். யாருக்கும் இல்லைங்க என்று ஓடிக்கொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த ஊர் வருவதற்குள் ஆறேழு பேர் என் பின்னால் ஓடி வருகிறார்கள். ஒருவர் தோளில் மூங்கில் கம்பு, இன்னொருவர் கையில் போர்வை. ஆளைத் தூளி கட்டித் தூக்கத் தயாராக வருகிறார்கள். ஒரு ஊட்டில் அதற்குள் அடுப்பில் வெந்நீர் ஏறிவிட்டது.

நர்ஸ் ஓடினால் எங்கேயோ ஓர் உயிர் ஊசலாடுகிறது என்பது இவர்கள் கணக்கு. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை வருஷத்தில் நான் காரணமில்லாமல் ஓடியதை யார் பார்த்தார்கள்? நான் நின்று சிரித்ததும் அவர்களுக்கு மூச்சு வாங்கலோடு கோபமும் வந்துவிட்டது. கெட்ட சேதியாயிருந்தாலும் மறைக்காமச் சொல்லிருங்க என்றார் கம்பு வைத்திருந்தவர். எல்லாரும் திரும்பிப் போகவே நேரமாகிவிட்டது. வெந்நீர் வைத்த அம்மாவுக்காக அதில் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

8-12-2002

குண்டூர் நாட்டுக் கடைசி ஊர். சின்னக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். எட்டாம் மாதம். ரத்தம் குறைவு, கால் வீக்கம். ஜனவரி கடைசியில் நாள்.

போன வருஷம் முதல் பிள்ளை போய்விட்டது. ராத்திரி முழுக்க எனக்காகக் காத்திருந்தார்கள். நானோ வேறொரு ஊரில் வேறொரு பிரசவத்தில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை நீலமாகக் கிடந்தது. இந்தத் தடவை பத்து நாளுக்கு முன்னாலேயே செம்மேடு ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். மாமியார் பாப்பாயி கேட்பதாயில்லை.

"ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்குங்க? நீங்க வந்தாப் போதும் சாமி. உங்க கைராசி அப்படி."

கைராசியாம் கைராசி! என்னத்தக் கைராசி? ரத்தம் கொட்டுனா இந்தக் கை என்ன பண்ணும்? போன வருசம் எங்க போச்சு அந்த ராசி? அந்தப் புள்ள மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் ஒருத்தி இருக்கறதாலதானே இவங்க ஊட்ட உட்டு நகர மாட்டேங்கறாங்க?

புருஷன் அண்ணாமலை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எதிரில் பேசிப் பழக்கமில்லாத பையன்.

16-12-2002

டாக்டரிடம் தைப்பூசத்தன்று ஒரு நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி டாக்டரும் ஸ்டாஃப் நர்ஸும் டூட்டியில் இருப்பார்கள். அன்றைக்குத்தான் பௌர்ணமி.

24-12-2002

அப்பாசாமி வழி கண்டுபிடித்துவிட்டார். சந்தைக்கு வந்த எட்டு நாட்டு ஆட்களிடமும் டீயோடு சேர்த்து இதையும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்: தைப்பூசத்தன்னிக்கு ராத்திரி நர்சம்மா சும்மா ஓடறாங்க, யாருக்கும் ஒண்ணுமில்ல, யாரும் நிறுத்தாதீங்க, அவசரம்னா செம்மேட்டுக்குக் கொண்டாந்துருங்க.

'சும்மா' என்பதை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையாம். என்ன வேண்டுதல் என்று கேட்டார்களாம். வேண்டுதல் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். சொன்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வருவார்கள், பேசாமல் இருங்கள் என்கிறார்.

5-1-2003

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது! ஓடுகிறவர்களுக்குத்தான் இப்படி ஆகும்.

15-1-2003

மாட்டுப் பொங்கல். மாட்டுக்கு மணி கட்டிய கையோடு பூபதி எனக்கும் ஒன்று கட்டினார். சைக்கிள் டியூபை வெட்டி, அதில் சின்ன டார்ச்சைச் செருகி நெற்றியில் மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். சுரங்கத்தில் வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. முடியை இழுக்கிறது. கழற்றவே மனசில்லை.

17-1-2003

குண்டூர் நாட்டுக்குப் போய்ச் சின்னக்கண்ணுவைப் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லை. வலி இல்லை. இரண்டு வாரம் இருக்கிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாளைக்கு வலி வந்து, பாப்பாயி போன வருஷம் மாதிரியே எனக்காக உட்கார்ந்திருந்தால்? விட்டுவிடலாமா?

இப்படித்தான் பதினோரு வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறேன்.

18-1-2003

வெல்லம், தினை மாவு உருண்டை, மலைவாழைப்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டு. வயிற்றுப்போக்குக்கு ஊர் ஊராகக் கொடுத்ததை இன்று எனக்கே எடுத்து வைத்தாயிற்று. கிளம்புகிறேன்.

19-1-2003

முடித்துவிட்டேன். முடித்தே விட்டேன்! எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

இருட்டும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினேன். பூபதி நெற்றி டார்ச்சை ஒரு தரம் இழுத்துச் சரிசெய்தார். வாழவந்தி நாட்டைத் தொடும்போது நிலா மேலே வந்துவிட்டது. டார்ச்சை அணைத்தேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் பாதை வெளுப்பாகத் தெரிந்தது. குளிர் காதைக் கடித்தது. என் மூச்சும் கேன்வாஸ் ஷூ மண்ணில் பதிகிற சத்தமும் மட்டும்தான். கையில் பை இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. வீசி ஓடுவதற்கு இரண்டு கைகள் இருக்கின்றன என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மரவள்ளிக் காடுகளில் இப்போது பன்றிக்குக் காவல். பரணில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கூவத் தொடங்கினார்கள்.

"நர்சம்மா வாராங்கோ... ஆருக்கும் ஒண்ணுமில்லே... உட்டுருங்கோ..."

பன்றி விரட்டுகிற அதே குரல். ஒரு பரணில் கூவி முடிப்பதற்குள் அடுத்த மேட்டில் வாங்கிக் கூவினார்கள். அது எனக்கு முன்னால் பள்ளம் இறங்கி, மேடு ஏறி, அடுத்த நாட்டுக்கே போய்விட்டது. சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் நிஜமாகவே ஒரு பன்றி குட்டிகளோடு பாதையைக் கடந்தது. அசையாமல் நின்றேன். அதற்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்போல, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

குண்டூர் நாட்டுக் கடைசி ஊர் நெருங்கும்போது நடுச்சாமம். அங்கே மட்டும் யாரும் கூவவில்லை. போன வருஷத்து வருத்தம் இன்னும் இருக்கிறதோ என்று நினைத்தேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாதையோரம் அண்ணாமலை நின்றிருந்தான். டார்ச்சைக் கையால் பொத்தியிருந்தான்.

சின்னக்கண்ணு எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன்.

"தூங்குதுங்க. ஒண்ணுமில்லீங்க. நீங்க ஓடுங்க நர்சம்மா."

ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். எழுப்ப வேண்டாமுங்க, இப்பத்தான் கண் அசந்துது என்றான். குறுக்கே வேலிப் பாதையைக் காட்டி, ஊருக்குள் போகாமல் இப்படியே போனால் நாய் துரத்தாது என்றான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு வந்த ஏற்றம் என்னைத் தின்றுவிட்டது. கெண்டைக்கால் முறுக்கியது. வாந்தி. ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். உனக்கென்னடி பைத்தியமா என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு ஒன்று தோன்றியது. இந்தப் பாதையில் எங்கேயும் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. இங்கேயே விடியும்வரை உட்காரலாம், ஒரு உயிருக்கும் நஷ்டமில்லை. அதை நினைத்ததும் எழுந்து ஓட ஆசை வந்துவிட்டது. எழுந்தேன்.

கிழக்கே வெளுக்கும்போது செம்மேடு விளக்குகள். கால் என்னுடையதாகவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பாசாமி கடையிலிருந்து நாலைந்து பேர் கை தட்டினார்கள். பூபதியைக் காணோம். எங்கே என்றேன். அப்பாசாமி முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரியில இருக்காருங்க. குண்டூர் நாட்டுலருந்து ராத்திரி ஒரு தூளி வந்துது."

அந்தக் கடைசி ரோட்டை எப்படி ஓடினேன் என்று தெரியாது. ராத்திரி முழுக்க ஓடியதெல்லாம் அதன்முன் நடை. ஆஸ்பத்திரிச் சுவரில் மூங்கில் கம்பு சாய்த்திருந்தது. அதில் சின்னக்கண்ணு ஊட்டுச் சிவப்புப் போர்வை. எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அப்போதுதான் கேட்டது, பச்சைக் குழந்தை அழுகிற சத்தம். நல்ல கனத்த குரல்.

பெண் குழந்தை. பிறந்த பிறகு ரத்தம் நிற்கவே இல்லையாம். டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். ஊட்டிலேயே வைத்திருந்தால் தாயும் போயிருப்பாள் என்றார். சின்னக்கண்ணு வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாப்பாயி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

வாசலில் அண்ணாமலை. தூளியின் மறுமுனையைக் கடைசி மேட்டில் பூபதிதான் தூக்கி வந்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏம்ப்பா அண்ணாமலை, தூங்குதுன்னு சொன்னியே?"

தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான்.

"சாயங்காலமே வலி வந்துருச்சுங்க. நீங்க உள்ள வந்திருந்தா எங்கம்மா ஊட்டுலயே வெச்சிருக்குமுங்க. நர்சம்மா இன்னிக்கு ஓடறாங்க, வர மாட்டாங்கன்னு சொன்னப்புறந்தான் கம்பெடுக்க உட்டுச்சு. அதான் பரண்ல இருக்கறவங்களையும் கூவாதீங்கன்னுட்டேன்."

அவனை அறைவதா, கும்பிடுவதா? இரண்டும் செய்யவில்லை. அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அழுதேன். பதினோரு வருஷம் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியச் சொன்னேன். நான் ஒரே ஒரு ஊட்டுக்குப் போகாததுதான் இன்று வேலை செய்திருக்கிறது. வலிக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. பூபதி என் ஷூவைக் கழற்றிக்கொண்டே, முடிச்சிட்டியா கண்ணு என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன்.

21-1-2003

படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. டாக்டர் பார்த்துச் சிரிக்கிறார்.

2-3-2003

குண்டூர் நாட்டுக்குப் போனேன். பாப்பாயி காப்பி கொடுத்தது. பேசவில்லை. குழந்தைக்குக் கன்னம் வந்துவிட்டது.

28-11-2003

பாப்பாயி பேத்தியைத் தூக்கிக்கொண்டு தட்டம்மை ஊசிக்கு வந்திருந்தது. சின்னக்கண்ணுவுக்குக் காட்டில் வேலையாம். ஊசி போட்டு முடித்தும் போகவில்லை. எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டு, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டது.

"நர்சம்மா, மறுக்கா எப்ப ஓடறீங்க?"

எதற்கு என்றேன்.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு நெறமாசம் ஆயிருச்சுங்க. அவ மாமியாக்காரி ஆஸ்பத்திரிக்கு உட மாட்டேங்கறா, நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்கறா. நீங்க ஓடறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கூட்டியாந்துடறேன்."

கார்த்திகை தீபத்தன்று ஓடுகிறேன், எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். சாயங்காலம் பெட்டிக்கு அடியில் கிடந்த சைக்கிள் டியூபை எடுத்துத் துடைத்து வைத்தேன்.