மானிய விலையில் மகள் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு பேச்சுவார்த்தையோடும் இருக்கிறோம். என் ரத்த அழுத்தம் மட்டும் நல்ல வளர்ச்சி கண்டிருக்கிறது, அதற்கு எந்த ஊக்கத்தொகையும் தேவைப்படவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடிய சேதிதான், ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீ "அப்பா, ப்ளீஸ்" என்பாய். காகிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

மானியம் என்ன ஆயிற்று என்று வாராவாரம் கேட்டாய், நானும் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது பார்த்து முடித்துவிட்டார்கள். "மானியம் வரட்டும்பா, மறு மாசமே வேலையை விட்டுட்டு பட்டறைக்கு வந்துடறேன்" என்று நீ சொன்னதை அம்மா பால் ஊற்றுகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், உன் அறைக்கு வெள்ளைகூட அடித்தாயிற்று. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நீ எழுதிய திட்ட அறிக்கையைத் திரும்பவும் படித்தேன். நாம் இரண்டு தொழிலாளிகளை வைத்து டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறோம் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், நாம் "மின்காந்தத் தீர்வுகளை வழங்கும் நிறுவனம்" என்பது உன் புண்ணியத்தில் தெரியவந்தது. இளம் பொறியாளர் இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்பதற்காக உன்னைத் தொழில்நுட்ப இயக்குநர் என்று போட்டுக்கொண்டாய். இயக்குநர் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறார், இயங்குகிறவன் இங்கே முதுகுவலியோடு நிற்கிறான். இருக்கட்டும்.

அந்த மானியத் திட்டத்தின் அழகு உனக்கே தெரியும். புது மெஷினுக்குப் பாதி விலை அரசு தரும், ஆனால் அவர்கள் அனுமதித்த பிறகுதான் வாங்க வேண்டும். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே ஏற்படுத்தியது, அவசரம் இல்லாதவர்களுக்கு மட்டும் கிடைக்கும். மருத்துவக் கருவி செய்கிறவர்கள் கொடுத்த ஆர்டர் அதுவரை கைகட்டி நிற்குமா? நிற்காது. அதனால் உன்னிடம்கூடச் சொல்லாமல், கடன் வாங்கி, அந்தத் தானாகக் காயில் சுற்றும் மெஷினை வாங்கிவிட்டேன். வாங்கி இரண்டு வாரத்தில் ஆய்வுக்கு வருகிறோம் என்று குறுஞ்செய்தி வருகிறது. மெஷின் கண்ணில் பட்டால் மானியம் போயிற்று. பீரோ அளவு மெஷின், அடியில் சக்கரம் வேறு இருக்கிறது, அன்றைக்கு மட்டும் எங்காவது தள்ளி வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கே என்றால், மெஷின் நுழைகிற அகலத்துக்குக் கதவு இருப்பது பக்கத்துப் பட்டறையில் மட்டும்தான்.

பக்கத்துப் பட்டறை யாருடையது என்று உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் நீ சிரிப்பு மாமா என்று கூப்பிட்டு மிட்டாய் வாங்கித் தின்ற அதே மகான்தான். என்னோடு பங்குதாரராக இருந்து, பிரிந்து போகும்போது நம் பெரிய வாடிக்கையாளரையும் என் மேசை விசிறியையும் எடுத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் ஒட்டினாற்போல அடுத்த கதவைத் திறந்தவர். அவரோடு நான் பேசுவதில்லை என்பதால் அம்மா போய்க் கேட்டாள். "இதுக்கென்னம்மா, தாராளமா கொண்டாந்து வைங்க" என்று சிரித்தாராம். அவர் எதற்குத்தான் சிரிக்கவில்லை. ஆய்வு நாளன்று காலையில் தொழிலாளிகள் இருவரும் நானும் தள்ளிக்கொண்டு போய், பழைய திரைச்சீலை ஒன்றைப் போர்த்திவிட்டு வந்தோம்.

வந்தது ஒரு இளம்பெண், உன் வயதுதான் இருக்கும், கையில் டேப்லெட். வந்தவள் நேரே பக்கத்துக் கதவுக்குள் நுழைகிறாள், நான் பின்னாலேயே ஓடுகிறேன். "ரெண்டு விண்ணப்பமும் ஒரே தெரு சார், பெட்ரோல் மிச்சம்னு சேர்த்து அனுப்பிட்டாங்க" என்கிறாள். அவரும் விண்ணப்பித்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டிருந்தது வேறு திட்டம், ஏற்கெனவே நவீன மெஷினுக்கு மாறிவிட்டவர்களுக்கு மின்கட்டணத்தில் சலுகை. கையால் காயில் சுற்றுகிற மனிதர் எந்த தைரியத்தில் கேட்டார் என்று தெரியவில்லை, கிடைக்காது என்று அவருக்கே தெரியுமாம், கேட்டு வைப்போமே என்று கேட்டாராம். அந்தப் பெண் திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்து "அருமையான மெஷின் சார், உங்களுதா?" என்று கேட்க, இவர் சிரித்தார். அரசாங்கத்துக்கு அது போதும். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு நம் பட்டறைக்கு வந்தாள், சுற்றிப் பார்த்தாள், "உங்ககிட்ட மெஷினே இல்லையே சார், முழுத் தகுதி இருக்கு" என்று என்னை வாழ்த்தினாள். அதாவது ஒரே மெஷின், அது இருப்பதால் அவருக்குச் சலுகை, அது இல்லாததால் எனக்கு மானியம். இவ்வளவு திறமையாக உழைக்கிற மெஷினை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கு அதற்கு மின்சாரம்கூடக் கொடுக்கவில்லை.

நான் அப்போதே யோக்கியனாக எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதே. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், சந்தோஷமாகவும் இருந்தேன். அவருக்கு ஆய்வு வந்தால் மெஷினை அங்கே தள்ளுவது, நமக்கு வந்தால் இங்கே இழுப்பது என்று அம்மாவும் அவரும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். அனுமதியும் வந்துவிட்டது, பில் ஒன்றுதான் பாக்கி, அது அனுமதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மெஷின் விற்றவர் "பழசைக் கிழிச்சுடுங்க சார், புதுத் தேதியில போட்டுத் தர்றேன், ஊரே இப்படித்தான் வாங்குது" என்று பெருந்தன்மையோடு சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆன்லைனில் அந்தப் பில்லை ஏற்றப் போனபோதுதான், தொழில்நுட்ப இயக்குநர் இதை உண்மை என்று உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு கட்டம் திறந்தது. அது நீ. உனக்கு விஷயமே தெரியாது, அப்பா அனுப்பியது என்று கேள்வி கேட்காமல் போட்டுவிடுவாய். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது. என் பொய்யை நான் எப்படியோ சமாளித்துக்கொள்வேன், இத்தனை வருட அனுபவம் இருக்கிறது. நீ தொழிலில் போடுகிற முதல் கையெழுத்தே பொய்யாக இருக்க வேண்டுமா? அம்மா, "அவ வரணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் வெளியே போய், ஆய்வுக்கு வந்த பெண்ணுக்குப் போன் செய்தேன், மெஷின் என்னுடையது என்று சொன்னேன்.  அவள், "இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னே தெரியலையே சார், நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டாள். கட்டம் எப்படியோ கிடைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு எந்தத் திட்டத்திலும் நாம் விண்ணப்பிக்கக் கூடாதாம்.

சிரிப்பு மாமாவுக்கும் சலுகை போயிற்று. சண்டைக்கு வருவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். வந்தார், "நல்ல காரியம்தான் பண்ணீங்கண்ணா, விடுங்க" என்றார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெஷினைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரத் தோள் கொடுத்தார். இத்தனை வருடம் நான் பாடுபட்டு வளர்த்த பகையை ஒரே காலையில் நாசம் செய்துவிட்டார் மனிதர். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

ஆக மானியம் இல்லை. மெஷின் ஓடுகிறது, ஆர்டர் போகிறது, கடனும் கூடவே ஓடுகிறது. மானியம் வந்தால் வருகிறேன் என்றாய், வரவில்லை, உன் நிபந்தனை முடிந்தது. கோபம் இல்லை. ஆனால் அந்த நிபந்தனையே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மெஷினைப் பாதி விலைக்கு வாங்க ஆசைப்பட்டேன், மகளை மானிய விலையில் வாங்க எனக்கு விருப்பமில்லை. வந்தால் உன் இஷ்டத்துக்கு வா, அங்கேயே இருந்தாலும் உன் இஷ்டத்துக்கு இரு. வந்தால் சம்பளம் இப்போது வாங்குவதில் கால்வாசிகூடத் தேறாது, அதையும் அம்மாதான் முடிவு செய்வாள், இயக்குநர் பதவி உடனடியாகப் பறிக்கப்படும்.

நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு. ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. விண்ணப்பம் போட்ட அந்த அரசு இணையதளத்தில் உன் பெயரில் இருக்கிற கணக்கை மறக்காமல் மூடிவிடு. "வான்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்களேன், கை தேஞ்சா போயிடும்" என்று அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்று வருடத்துக்குத் தகுதி இழந்த,
உன் அப்பா